அக்கா மகள் கேட்ட ஜன்னல்

கரகண்டா, டிசம்பர் 3

என் அக்கா பெற்ற ஓநாய்க்குட்டி அக்மராலுக்கு,

உன் தாய்மாமன் செயில்கான் எழுதுவது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் எந்திரத்தை ஓர் ஆயுட்காலம் ஓட்டியும், ஒருத்தன் கோப்பைத் தேநீரில்கூட அலையடிக்க விடாத கை இது. அந்தக் கையை ரொட்டியின் மேல் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள். எழுதி முடித்தபின் நானே நம்புவேனா என்பது சந்தேகம்தான்.

என் போர்னியோக் கொடி மொட்டுக் காம்பு விட்டிருக்கிறது.

உட்கார்ந்துவிட்டாயா? மேலே படி. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தபோது குண்டூசி. மாலையில் குதிரை கட்டும் முளைக்குச்சி. இப்போது மேல்வீட்டுக்காரன், தன் வீட்டுத் தரையைக் கீழிருந்து யாரோ முட்டுகிறார்கள் என்று புகார் எழுதிக்கொண்டிருக்கிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிர் காக்கையை அந்தரத்திலேயே நிறுத்திவைத்திருக்கிறது. இந்தப் பக்கம் வீட்டைச் சூடாக்கும் கணப்புக் குழாய் மேல் தண்ணீர்த் தட்டுகள் ஆவி விட, ஊதா விளக்கின் கீழே கறுத்த மெழுகு மாதிரி மொட்டுக்குலை! விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து, கஞ்சாவோ என்று போலீஸ்காரன் ஒருவன் வந்தான். “உள்ள என்ன பெரியவரே வளக்குறீங்க?” என்றான். காட்டினேன். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான்.

தொட்டி மண்ணில் அடையாளத்துக்கு ஒரு தீக்குச்சி நட்டிருக்கிறேன், ஜன்னலைப் பார்த்தபடி. துடைக்கத் தூக்கினாலும் அதே முகமாகத்தான் திரும்ப வைப்பேன். மொட்டு வந்தபின் கொடியை ஒரு விரற்கடை திருப்பினாலும் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் உதிர்த்துவிடும். உங்கள் வம்சத்துப் பெண்களைப் போல.

அது சரி, நான் கொடுத்த இலை எப்படி இருக்கிறது? இந்நேரம் கூரையைத் தொட்டிருக்குமே?

உன் மகத்தான மாமன்,
செயில்கான்

*

அல்மாட்டி, டிசம்பர் 7

செயில்கான் மாமாவுக்கு,

போன் எடுக்கவில்லை என்று அம்மாவிடம் குறை சொன்னீர்களாம். எடுக்கமாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் சிரிப்பு வந்துவிடும், கோபம் பாழாகிவிடும். இந்தக் கோபத்தை நான் பாடுபட்டு வளர்த்திருக்கிறேன். அதனால் கடிதம்.

இலை நலம். போன குளிர்காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே. அதற்கு முந்திய குளிர்காலத்திலும் அப்படியே. ஒரே இலை. நான் அதற்கு வெந்நீர் ஆவி காட்டினேன், விளக்குப் போட்டேன், பிறந்தநாள்கூடக் கொண்டாடினேன். பந்தல் கம்பி வளைத்து நட்டுவைத்தேன் மாமா, கொடி வந்தால் ஏறட்டும் என்று.

போன மாதம் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் செடிச் சங்கத்துக்குப் போனேன். தலைவி ரைசா பாவ்லோவ்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடிக்காம்பைக் கிளறிப் பார்த்தார்.

“யாரும்மா இத உனக்குக் குடுத்தது?”

“எங்க மாமா.”

“அவருக்கு உம்மேல ஏதாச்சும் கோபமா?”

“இல்லையே, ஏன்?”

“இதுல கணுவே இல்லம்மா. வெறும் இலைக்காம்பு. வேர் விடும், பச்சையா நிக்கும், உன் பேத்தி கல்யாணத்துக்கும் இப்படியே நிக்கும். கொடி மட்டும் வராது. இது செடி இல்ல கண்ணு, சுவத்துல மாட்டுற படம்.”

அத்தனை பெண்களும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அந்தக் கம்பியைப் பார்த்துத்தான் அதிகம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் நாளெல்லாம் பல் பிடுங்குகிறவள். வலி வரும்போது வாயைத் திறந்துவைத்துக்கொள்ளத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுதாதீர்கள். கணு எது, காம்பு எது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டவரே நீங்கள்தான். நம் வழக்கப்படி அக்கா பிள்ளை வாழ்நாளில் மூன்று முறை வாய்விட்டுக் கேட்கலாம், தாய்மாமன் ஒரு முறைகூட இல்லை என்று சொல்லக்கூடாது. முதல் முறை, பல் விழுந்த வயதில், உங்கள் நரித்தோல் தொப்பியைக் கேட்டேன், கொடுத்தீர்கள். இரண்டாம் முறை போர்னியோக் கொடியைக் கேட்டேன். வழக்கத்தை மீறவும் பயம், கொடியைக் கொடுக்கவும் மனமில்லை. முளைக்காத இலையைக் கொடுத்து என்னையும் முன்னோர்களையும் ஒரே அடியாக ஏமாற்றினீர்கள்.

மூன்றாவது என் கையில் இருக்கிறது.

நன்றாகத் தூங்குங்கள் மாமா.

அக்மரால்

*

கரகண்டா, டிசம்பர் 12

ஆயிரம் வருஷம் வாழப்போகும் என் அன்பு மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தோடு ரயில் பெட்டிப் பணிப்பெண் கையில், குடலில் அடைத்த குதிரைத் தொத்திறைச்சி அனுப்பியிருக்கிறேன். குளிர்காலத்துக்கு அறுத்த குதிரை. அது சாதாரணக் குதிரை இல்லை. உயிரோடு இருந்தபோது இரண்டு புயல்களைத் துரத்திப் பிடித்தது. கொழுப்பின் தடிமனைப் பார். கோபம் என்பது பெரும்பாலும் கொழுப்புக் குறைவால் வருவது.

இலையைப் பற்றி: கொடியைக் கேட்டாய், கொடியின் அங்கம் ஒன்றைக் கொடுத்தேன். ஒட்டகத்தைக் கேட்டவனுக்கு ஒட்டகத்தின் காதைக் கொடுத்தால், கொடுத்தது ஒட்டகம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இதையே நண்பன் கோப்ஜாசரிடம் சொன்னேன். நம் பக்கத்து வழக்கம், வம்சம், வழித்தோன்றல் எல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பவன் அவன். என் கொழுப்பைத் தின்றுகொண்டே கேட்டான்.

“அந்தப் பொண்ணு இப்போ மூணாவது தடவையா முழுக் கொடியையே கேட்டா?”

“வெளிய மைனஸ் நாப்பது டிகிரிடா! ரயிலடிக்குப் போறதுக்குள்ள கருகிப் போயிரும். உயிருள்ள பொருளைக் குளிர்காலத்துல கேக்கலாமான்னு வழக்கத்துல ஏதாச்சும் இருக்கா?”

“இருக்கு.”

“என்ன?”

“கேட்டா குடுக்கணும்னு இருக்கு.”

“குடுக்கலன்னா?”

“கை நடுங்கும்.”

“எந்தக் கை?”

“சவரம் பண்ற கை. செயில்கான், உனக்கு இருக்கிறதே ஒரு மூக்கு. யோசிச்சுக்க.”

யோசித்துவிட்டேன் அக்மரால். காரைக் கேள். சுவரில் தொங்கும் கம்பளத்தைக் கேள். கோப்ஜாசரைக் கேள், இன்றே மூட்டைகட்டி அனுப்புகிறேன். அந்தக் கொடியோடு நான் குடித்த தேநீரை ஊற்றினால் ஓர் ஏரி நிறையும். அது ஒருமுறை பூத்துப் பார்க்கவேண்டும் என்பதைத் தவிர இந்த வயதில் எனக்கு வேறு பேராசை இல்லை. இந்த ஒரு வரி மட்டும் விளையாட்டில்லை.

நடுங்காத கையோடு (இப்போதைக்கு),
மாமா

*

அல்மாட்டி, டிசம்பர் 19

மாமா,

தொத்திறைச்சி கிடைத்தது. அருமை. தின்று தீர்த்தோம். கோபம் குறையவில்லை, கொழுத்திருக்கிறது.

என் மூன்றாவது கேட்பு இதோ. சாட்சிக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். “பாவம்டி, எந்தம்பி”, என்கிறாள். “எழுதவிடு அம்மா” என்கிறேன்.

நான் கொடியைக் கேட்கவில்லை.

எழுந்து ஆடவேண்டாம், உட்காருங்கள். கொடியைக் கேட்டால் நீங்கள் அதைக் கம்பளியில் சுற்றி, அழுதுகொண்டே ரயிலில் ஏற்றுவீர்கள். என்னிடம் வருவதற்குள் மொட்டெல்லாம் உதிர்ந்திருக்கும். மிச்சம் ஒரு பச்சைக் கயிறு வரும். உங்கள் கையால் இரண்டாம் முறை ஏமாற நான் என்ன கழுதையா?

உங்கள் சமையலறை ஜன்னலைக் கேட்கிறேன். கண்ணாடி, சட்டம், மேடை, மேடையில் இருக்கும் தொட்டி, தொட்டியில் இருக்கும் கொடி, அதன் மேல் விழும் வெயில், அதிலிருந்து வரும் வாசனை, எல்லாம் சேர்த்து. எதுவும் இடம் மாறக்கூடாது. இடம் மாறாமல் எல்லாம் என்னுடையது.

ஜன்னலுக்குச் சொந்தக்காரி ஊரில் இல்லாததால் தோட்டக்காரர் வேண்டும். உங்களை நியமிக்கிறேன். தண்ணீர் ஊற்றுங்கள், தட்டுகளை நிரப்புங்கள், விளக்கைப் போட்டு அணையுங்கள். ஆனால் மொட்டைப் பார்க்கக்கூடாது. கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே போங்கள். வேலை முடிந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள். பூத்ததும் எனக்குச் சேதி சொல்லுங்கள். சாயங்காலம் ஆனால்தான் அது மணக்கும், இல்லையா? அந்த நேரத்தில் நீங்கள் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பீர்கள் என்பதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் இனிக்கிறது.

நான் இத்தனை குளிர்காலம் ஓர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு கதவைப் பாருங்கள்.

இல்லை என்று சொல்லவேண்டுமானால் சொல்லுங்கள். சவரக்கத்தியைத் தூரமாக வைத்துவிட்டு.

ஜன்னல்காரி
அக்மரால்

*

கரகண்டா, ஜனவரி 9

கரகண்டா தெற்கு ஜன்னலின் பேரரசி அவர்களின் திருவடிகளுக்கு,

தோட்டக்கார அடிமை செயில்கான் மண்டியிட்டுச் சமர்ப்பிக்கும் அறிக்கை.

ஆணைப்படியே நடக்கிறது. கண்ணில் கம்பளிச் சால்வை. ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு போகிறேன். முதல் நாள் உப்பு ஜாடிக்கு நீர் ஊற்றினேன். மறுநாள் என் செருப்புக்கு. செருப்பு தழைக்கிறது. கதவு சாத்தியே இருக்கிறது. கெட்டிலை வாளி மேல் வைத்துத் தேநீரைக் குளியலறையில் குடிக்கிறேன். அங்கே தேநீர் சோப்பு மணக்கிறது. சோப்பு தேநீர் மணக்கிறது.

கோப்ஜாசர் வந்து தாழ்வாரத்தில் என்னோடு உட்கார்ந்தான். இரண்டு கிழவர்கள் ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு.

“செயில்கான், சாவித் துவாரம் வழியாப் பாக்கக்கூடாதுன்னு சொன்னாளா?”

“சொல்லல.”

“அப்புறம் என்ன?”

“துவாரத்துல பஞ்சு அடைச்சிருக்கேன்.”

“யாரு அடைச்சது?”

“நான்தான்.”

“உனக்குப் புத்தி கித்தி இருக்கா?”

“ஏமாத்துனான்னு ஒரு தடவை சொல்லிட்டாடா. ரெண்டாவது தடவ சொல்ல விடுவேனா?”

ஆனால் பேரரசியே, ஒரு விண்ணப்பம். கண்ணைக் கட்டிக்கொண்டு தடவும்போது விரல் தீக்குச்சியில் படுகிறது. அது இன்னும் ஜன்னலைப் பார்த்துத்தான் நிற்கிறது. தொட்டியை ஒரு கால்வட்டம் திருப்பினால் போதும். ஒரு வாரத்தில் தங்கள் சாம்ராஜ்யத்தின் மொட்டெல்லாம் மேடையில் கிடக்கும். கண்ணைக் கட்டியவன் கை தவறுவது இயற்கை. எந்த வழக்கமும் அதைக் குற்றம் சொல்லாது. என் சுண்டுவிரல் அரிக்கிறது அக்மரால். ராத்திரி பகலாக அரிக்கிறது.

சொல்லிவைத்தேன்.

அடிமை

*

அல்மாட்டி, ஜனவரி 20

மாமா,

திருப்புங்கள்.

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? அரித்தால் சொறியவேண்டியதுதானே. உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தக் கொடிக்குச் சளி பிடித்துவிடும் என்று கூடத்து ஜன்னலைக்கூடத் திறக்காத ஆள் நீங்கள். உங்கள் பழியைவிட உங்கள் பாசம் பெரிது. அதைப் பிடித்துத்தான் உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறேன்.

இன்னொரு செய்தி. செடிச் சங்கத்தில் சொல்லிவிட்டேன், கரகண்டாவில் எனக்கொரு ஜன்னல் இருக்கிறது, அதில் போர்னியோக் கொடி மொட்டு விட்டிருக்கிறது என்று. ரைசா பாவ்லோவ்னாவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

“ஜன்னலா? அங்க எப்படிம்மா உனக்கு ஜன்னல்?”

“எங்க மாமா குடுத்தாரு.”

“அந்த இலை குடுத்த மாமாவா?”

“அவரேதான்.”

“திரும்பவும் நம்புறியா?” என்றார். சுற்றி எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மார்ச் எட்டாம் தேதி மகளிர் தின விடுமுறைக்கு அவர்கள் அத்தனை பேரையும் ரயிலேற்றிக் கூட்டிவருகிறேன். என் ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி, மணக்க மணக்க நிறுத்தி, அந்த வாயெல்லாம் மூடிப்போவதைப் பார்க்கவேண்டும். நீங்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மேலங்கிகளை வாங்கி மாட்டுங்கள்.

பூக்காமல் போனால் இனி அந்தச் சங்கத்துக் கதவை நான் மிதிக்க முடியாது. அதனால் தீக்குச்சியைத் தொடாதீர்கள். இது ஆணை இல்லை. சரி, ஆணைதான்.

அக்மரால்

*

கரகண்டா, பிப்ரவரி 16

அக்மரால்,

வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். விடுமுறைக்கு யாரையும் கூட்டிவராதே.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கட்டடத்தின் கணப்புக் குழாய் வெடித்தது. வெடித்த சத்தத்தில் சீன எல்லையில் ஆடுகள் குட்டி போட்டனவாம். அடுத்த கணம் வீட்டுக்குள் வந்த குளிர், கதவைத் தட்டிவிட்டு வந்த குளிர் இல்லை. கெட்டிலிலிருந்து ஊற்றிய தேநீர் கோப்பைக்குப் போகும் வழியில் கம்பியாக உறைந்து நின்றது, உடைத்துத்தான் குடித்தேன். மேல்வீட்டுக்காரன் சொன்ன வணக்கம் படிக்கட்டில் உறைந்து கிடந்து, மறுநாள் வெயிலில்தான் கேட்டது.

உன் ஜன்னலில் உள்பக்கமும் பனி. கண்கட்டோடு போய்த் தடவினேன். மேடை முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள், மிளகு கொட்டியது போல. கட்டை அவிழ்த்துப் பார்த்தேன், மன்னித்துக்கொள். குலையில் ஒன்றுமில்லை. காம்பு மட்டும் நிற்கிறது.

கொடி பிழைக்கும். பூ இல்லை.

மாமா

*

அல்மாட்டி, பிப்ரவரி 20

மாமா,

நிஜமாகவா?

நீங்கள் உறைந்த வணக்கத்தைப் பற்றி எழுதும்போது வழக்கமாகச் சிரிப்பேன். இந்த முறை அந்த இடத்தைத் தாண்டிக் கடைசி வரியைப் படித்துவிட்டு, நோயாளியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே போய் நின்றேன்.

சங்கத்தில் சொல்லிவிட்டேன். ரைசா பாவ்லோவ்னா, “பரவால்ல கண்ணு, உன் சுவத்துப் படம் இருக்கே”, என்றார். இந்த முறை என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. அவர்கள் சிரிப்பும் சீக்கிரம் அடங்கிவிட்டது. அதுதான் தாங்கவில்லை.

சந்தோஷப்படுங்கள். நீங்கள் திருப்பினீர்களோ குளிர் திருப்பியதோ, ஜெயித்தது நீங்கள். ஜன்னலை வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தந்துவிட்டேன். கண்கட்டை எடுத்துவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடியுங்கள், குளியலறையில் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம். மூன்று கேட்பும் முடிந்தது. இனி உங்களிடம் கேட்க எனக்கு எதுவுமில்லை.

மொட்டு உதிர்ந்த காம்பை மட்டும் வெட்டிவிடாதீர்கள். உங்களுக்கே தெரியும். அதே காம்பில்தான் மறுபடியும் வரும். எப்போதாவது.

அக்மரால்

*

கரகண்டா, பிப்ரவரி 24

என் முட்டாள் ஓநாய்க்குட்டியே,

படித்தேன். இரண்டு முறை படித்தேன். பிறகு கோப்ஜாசரை வரவழைத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். “ஜன்னலை வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தந்துவிட்டேன்.” உன் கையெழுத்து. வழக்கம் என்ன சொல்கிறது என்று கேட்டேன்.

“அக்கா பொண்ணு வாங்கினதத் திருப்பிக் குடுத்தா, அது மாமனோடதுதான். மறுபடி கேக்க முடியாது”, என்றான்.

நல்லது. இப்போது கேள். நேற்றுச் சாயங்காலம் பூத்துவிட்டது.

ஆமாம், ஏமாற்றினேன். என் சமையலறையை என்னிடமிருந்து பிடுங்கி, என்னையே குருடனாக்கி, சோப்புத் தேநீர் குடிக்கவைத்து, அதை நினைத்து இனிக்க இனிக்கத் தூங்கியவள் நீ. தாய்மாமனிடம் பழிவாங்கலாமா? தாராளமாக. ஆனால் உனக்குப் பழிவாங்கக் கற்றுக்கொடுத்த குடும்பம் எது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கவேண்டாமா?

பூ எப்படி இருக்கிறது என்று கேட்பாய். ஒவ்வொன்றும் குதிரைக் குளம்பு அளவு. கறுப்பு. நடுவில் ஒரு நட்சத்திரம், சிவப்பு. அதன் வெளிச்சத்தில் கோப்ஜாசர் செய்தித்தாள் படித்தான். வாசனை கிளம்பியதும் சுரங்கத்தில் வேலை நின்றது. ஆட்கள் வாசனை பிடித்துக்கொண்டே மேலே வந்துவிட்டார்கள். அந்தப் போலீஸ்காரன் வந்து நின்று, இதுவரை வாங்கியதையெல்லாம் ஊருக்குத் திருப்பித் தருவதாக அழுதான்.

வா. வெள்ளிக்கிழமை ரயிலில் வா. உனக்குத் தாழ்வாரத்தில் ஒரு முக்காலி போட்டிருக்கிறேன், கதவுக்கு இந்தப் பக்கம். நான் உட்கார்ந்த அதே முக்காலி. ஒரு கால் ஆடும். துவாரத்துப் பஞ்சு அப்படியே இருக்கிறது. அந்தக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து வெகு காலமாயிற்று, யாராவது தள்ளினால் திறந்துகொள்ளும். அதற்கு நான் பொறுப்பல்ல.

உன் ரைசா பாவ்லோவ்னாவையும் கூட்டி வா. அந்த அம்மாளுக்கு மாடிப்படியில் இடம். வாசனை அதுவரை போகும், அதற்கு மேல் ஓர் அடி உள்ளே விடமாட்டேன். என் அக்கா மகளைப் பார்த்துச் சிரிக்க இந்தப் பூமியில் எனக்கு மட்டும்தான் உரிமை. அதை அந்த அம்மாளிடம் எழுத்துக்கு எழுத்து சொல்லு.

கணப்பு நின்றது நிஜமா என்று உன் அம்மா போனில் கேட்டாள். நின்றது. காலையில் நின்று சாயங்காலம்தான் வந்தது. நான் தொட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு, அதன் மேல் ஆட்டுத்தோல் கோட்டை மாட்டிக்கொண்டு, தீக்குச்சி ஜன்னலைப் பார்க்கவேண்டுமே என்பதால் நானும் ஜன்னலைப் பார்த்தபடியே நின்றேன். அப்போதும் கண்ணில் சால்வைதான். வெளியிலிருந்து பார்த்தவர்கள், செயில்கான் கர்ப்பமாகிவிட்டான், வெட்கத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். வாழ்த்துச் சொல்லத் தந்திகள் வந்து குவிந்தன. மந்திரி ஒருவர் தொட்டில் அனுப்பினார்.

இந்தக் கடிதத்தில், பூத்ததைத் தவிர, எதையும் நம்பாதே. போன கடிதத்தில், கணப்பு நின்றதையும் ஒரு மிளகளவையும் தவிர, அத்தனையும் புளுகு. கோட்டுப் பொத்தானில் மாட்டி ஒரு மொட்டு விழுந்தது. ஒன்றே ஒன்று. அது நிஜம். அது தரையில் பட்ட சத்தத்துக்கு, தனியாக நின்றவன், “ஐயோ, அக்மரால்” என்றேன்.

உன் மாமன்